பினாங்கு மாப்பிள்ளையின் செருப்பு

பினாங்கில் யாரும் யாரையும் பசியோடு விடமாட்டார்கள் என்று மதுரையில் எல்லோரும் சொன்னார்கள். சைவம் சாப்பிடுகிறவளுக்கு அந்த உத்தரவாதம் செல்லாது என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வந்திறங்கிய மாலையே சாலையோரக் கடையில் வறுத்த மீ, அதாவது நூடுல்ஸ், கேட்டேன். இறைச்சி வேண்டாம் என்றேன். கடைக்காரச் சீனப் பெண்மணி தலையாட்டினார். கோழி வேண்டாம் என்றேன். அதற்கும் தலையாட்டினார். மீன்? மீனும் கிடையாதாம். தட்டு வந்தது, அதில் நாலைந்து இறால்கள் சுருண்டு கிடந்தன. ஏனம்மா இப்படி என்று கேட்டதற்கு, “இறால் எப்படி மீனாகும்?” என்று மலாயில் திருப்பிக் கேட்டாராம். பக்கத்து மேசைத் தமிழர்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். “முட்டை சாப்புடுவீங்களா அக்கா? அதுவும் இல்லயா? அப்ப இங்க ரொம்ப கஷ்டம்லா” என்று அனுதாபப்பட்டுவிட்டு, அந்த இறால்களைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார். நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் நரம்பு மருத்துவர். பினாங்கின் கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. அதில் நான் பேச வேண்டும். பேச்சு வெறும் சாக்கு. உண்மையான வேலை அதே ஊரில் டத்தோ கிராமாட் பகுதியில் சரசம்மா என்பவர் வீட்டில் இருந்தது. அவருடைய தம்பி ராஜமாணிக்கம் மதுரையில் பஸ் கண்டக்டர், என் நோயாளி. அவரால் பாதத்தை மேலே தூக்க முடியாது, முன்பாதம் தொங்கிவிடும். அதனால் முழங்காலை உயர்த்தி உயர்த்தி, சேற்று வயலில் நடக்கிறவர் மாதிரி நடப்பார். பஸ் படிக்கட்டில் தடுக்கி விழுந்த பிறகுதான் என்னிடம் வந்தார். “எங்க அப்பாருக்கும் இப்படித்தான். பினாங்குல எங்க அக்காவுக்கும் இப்படித்தான். குடும்ப நடை டாக்டர் இது” என்றார், ஏதோ பரம்பரை நகை மாதிரி.

அந்தக் குடும்ப நடையில் ஒரு கல்யாணம் வந்து மாட்டியிருந்தது. ராஜமாணிக்கத்தின் மகள் தமிழரசிக்கும், சரசம்மாவின் மகன் மோகனுக்கும் பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அத்தை மகன், முறை மாப்பிள்ளை, வேறென்ன வேண்டும்? தமிழரசி எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் நடத்துகிறவள், விவரமானவள். அப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் வந்து சோதித்துக்கொண்டாள். அவளுக்கும் அது இருந்தது.

“அவருக்கும் இருக்கான்னு பாத்துட்டு வாங்க டாக்டர். என்னைப் பத்தி அங்க மூச்சு விட்றாதீங்க, அப்பாவுக்கே இன்னும் சொல்லல. அவருக்கு இல்லன்னா எனக்கு இருக்கறதை நானே சொல்லிக்கிடுவேன். ரெண்டு பேருக்கும் இருந்தா…” என்று நிறுத்திவிட்டாள்.

அவள் விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன். நம் கை கால்களுக்குப் போகிற நரம்பிழைகளுக்கு மேலே மயலின் என்று ஓர் உறை உண்டு, மின்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை இருப்பது மாதிரி. நரம்பின் ஓரமாகவே குடியிருக்கும் செல்கள், ஒவ்வொன்றும் தன் பங்குத் துண்டில், பாய் சுருட்டுவதுபோலத் தன்னையே சுற்றிச் சுற்றி அதை உண்டாக்குகின்றன. எப்போது சுற்றத் தொடங்குவது, எத்தனை சுற்று, உறைக்குள் என்ன சரக்கு போடுவது, எல்லாம் மரபணுக்கள் போடும் உத்தரவு. அந்தச் சரக்கில் ஒரு புரதம். அதற்கான மரபணு பதினேழாவது குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, ஆக இரண்டு. சில குடும்பங்களில் அந்தத் துண்டு ஒரு பக்கம் இரட்டித்துப்போய் மூன்றாகிவிடுகிறது. புரதம் நல்ல புரதம்தான், கொஞ்சம் அதிகம், அவ்வளவே. சாம்பாருக்குப் போடுவதும் நல்ல உப்புதான். ஒன்றரை மடங்கு போட்டால் யார் வாயில் வைப்பது? உறை பிரிகிறது, செல்கள் மறுபடி சுற்றுகின்றன, மறுபடி பிரிகிறது. செய்தி தாமதமாகப் போய்ச் சேர்கிறது. பாதத்துக்குப் போகிற நரம்புதான் எல்லாவற்றிலும் நீளம், அதனால் முதல் அடி அங்கே விழுகிறது. அதே துண்டு ஒன்று குறைந்துபோனால் வேறு தொல்லை, கொஞ்ச நேரம் கால்மேல் கால் போட்டாலே பாதம் மரத்துத் தொங்கிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றவர்கள், குறைந்தாலும் நஞ்சு என்று சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் தடுக்கித் தடுக்கி வாழ்ந்துவிடலாம், ராஜமாணிக்கம் அப்படித்தான் இத்தனை வருஷம் டிக்கெட் கிழித்தார். இருவருக்கும் இருந்தால், நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்து சேரலாம். அப்போது நோய் மிகக் கடுமையாக வரலாம், குழந்தை நடக்கவே சிரமப்படலாம். தமிழரசி சொல்லாமல் விட்டது அதைத்தான்.

மறுநாள் கருத்தரங்கு. புரொஜெக்டரில் என் படவில்லைகளைத் தலைகீழாகப் போட்டார்கள். திருப்பிப் போடச் சொன்னேன், இடவலமாகத் திருப்பினார்கள். கடைசியில் கேள்வி நேரத்தில் கோட் போட்ட ஒருவர் எழுந்து, நெய் அதிகம் சாப்பிட்டால் மயலின் வளருமா என்று கேட்டார். மதுரையிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஆனால் அங்கே கோட் போட்டுக்கொண்டு கேட்பதில்லை.

மாலையில் டத்தோ கிராமாட்டுக்குக் கிளம்பினேன். டாக்சிக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்றார். நான் ஏற மாட்டேன் என்றேன். கோபத்தில் ஒரு பெச்சாவில் ஏறினேன். நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில் மிதிக்கிறவர் முன்னால் இருப்பார், எது வந்தாலும் முதலில் அவர் பாடு. இந்த ஊரில் நம்மை முன்னால் உட்காரவைத்து, அவர் பின்னாலிருந்து மிதிக்கிறார்! எதிரே வந்த ஒவ்வொரு லாரியையும் நான்தான் முதலில் வரவேற்றேன். நடுவில் மழை வேறு. ரத்தம் எடுப்பதற்கான காலிக் குப்பிகள் வைத்திருந்த குளிர்க் குடுவையை மடியில் கட்டிக்கொண்டு, நனைந்த கோழியாகப் போய் இறங்கினேன்.

சரசம்மாவின் கணவர் மணியம் வாசலிலேயே நின்றிருந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர். “வாங்க வாங்க டாக்டரம்மா, எங்க மச்சான் போன் போட்டுச் சொன்னாரு, தெரிஞ்ச அம்மா வர்றாங்க, எல்லாரையும் காட்டுங்கன்னு!” என்று உள்ளே அழைத்துப் போனார். சரசம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, பாதம் தெரியாமல் இழுத்து மூடியிருந்தது. “எந்திரிக்க முடியல, மூட்டு வலிம்மா” என்றார். சரி, இவர் காலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கேசரி வந்தது. பின்னாலேயே பஜ்ஜி வந்தது. பட்டினி கிடந்தவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ரத்தம் எடுக்க வருகிறவளுக்கு எந்த ஊரில் கேசரியும் பஜ்ஜியும் கொடுக்கிறார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

“பையன் ஃபேக்டரில சூப்பர்வைசர். சிகரெட் இல்ல, தண்ணி இல்ல. சொந்தமா கெரெத்தா வாங்கிட்டான்” என்றார் மணியம்.

“கார் இருக்கட்டும் சார், நான் காலைப் பார்க்க வந்தேன்.”

“காலா? காலுக்கு என்ன கொறச்சல், நல்லா பாருங்கலா! டேய் மோகன், வா இங்க!”

வந்தவன் பந்தாட்டக்காரன் மாதிரி இருந்தான். கெண்டைக்கால் ஒவ்வொன்றும் கல்தூண். குதிகாலில் நின்று நட என்றேன், வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். இந்த நோய் வெளிப்பட்டவர்களால் அது ஆகாது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் சுத்தியலால் தட்டினேன், பாதம் துள்ளியது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்! தமிழரசியின் பூத்துக்கே போன் போட்டு என்ன சொல்வது என்று வார்த்தை கோக்கத் தொடங்கிவிட்டேன். ஊசியை எடுத்ததும் பையன் வெளுத்துப்போய், “அங்கிள், ஊசின்னு சொல்லலயே” என்று மணியத்தைப் பார்த்தான். பெற்ற அப்பாவை அங்கிள் என்கிறானே என்று ஒரு நொடி இடித்தது. ஆனால் வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுத்து, குப்பியில் மோகன் என்று எழுதினேன். இருந்த சந்தோஷத்தில் சரசம்மாவின் கால் மறந்தே போயிற்று.

வழியனுப்ப மணியமும் பையனும் வாசலுக்கு வந்தார்கள். நம்மவர்கள் எந்தக் கடல் தாண்டினாலும் செருப்பை வாசலில்தான் விடுகிறார்கள், அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. அவரவர் தங்கள் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். நான் என்னுடையதை. இன்னும் இரண்டு ஜோடி கிடந்தன. பெண்கள் செருப்பு ஒன்று, சரசம்மாவுடையது. மற்றது ஆண்கள் அளவு. என் மருத்துவமனையில் நோயாளி உள்ளே வருமுன் நான் அவர் செருப்பைத்தான் பார்ப்பேன், பழக்கம் அப்படி. அந்த ஜோடியின் முன்நுனி தரையில் இழுபட்டு இழுபட்டுக் கரைந்திருந்தது. வெளியோரம் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. நழுவாமலிருக்க, குதிகாலைப் பிடிக்கும்படி பின்னால் ஒரு எலாஸ்டிக் பட்டை தைத்திருந்தது.

“இது யாருடையது?” என்றேன்.

“அது… பக்கத்து வீட்டு ஆளு” என்றார் மணியம். அதற்குள் அவர் கூப்பிட்டிருந்த டாக்சி ஹாரன் அடித்தது. ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அந்தச் செருப்பே கண்ணுக்குள் நின்றது. திரும்பிப் போய்ப் பார்த்துவிடுவது என்று குடுவையோடு பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் டத்தோ கிராமாட் என்று தெளிவாகத்தான் சொன்னேன், அவரும் தெளிவாகத்தான் தலையாட்டினார். இந்த ஊரில் தலையாட்டலை நம்பக் கூடாது என்று இறாலிலேயே கற்றிருக்க வேண்டும். பஸ் படகுத்துறையில் போய் நின்றது. இறங்கிய கூட்டம் என்னையும் தள்ளிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றிவிட்டது. யாரிடமாவது கேட்பதற்குள் படகு கிளம்பிவிட்டது. “இது அக்கரைக்கு, பட்டர்வொர்த் போவுதுக்கா. அங்க போயி இதே படகுல திரும்பி வாங்க, அவ்ளோதான்” என்றாள் பாகான் டாலாமுக்குப் போகிற ஒரு பெண், நான் காற்று வாங்க வந்தவள் மாதிரி.

வேறு வேலையில்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எல்லாம் கோத்துக்கொண்டது. கேசரி, பஜ்ஜி, சிகரெட் இல்லை, சொந்தக் கார், அங்கிள். அட கடவுளே! பெண் வீட்டார் மாப்பிள்ளையை வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்றல்லவா என்னை நினைத்திருக்கிறார்கள்! கல்யாணத்துக்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் அனுப்புவது நம் வழக்கம். வருகிற ஆளுக்கு நல்லதை மட்டும் காட்டுவதும் நம் வழக்கம். மாப்பிள்ளையையே மாற்றிக் காட்டுவதுகூட எங்காவது நடந்திருக்கும். ரத்தத்துக்குக்கூடவா ஆள் மாற்றுவார்கள்! அந்தக் குப்பியை நம்பி நான் மதுரைக்குப் போயிருந்தால், ஒரு பெண்ணிடம் பொய்யைச் சொல்லிக் கல்யாணம் பண்ணிவைத்திருப்பேன். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே படகில் திரும்பி நான் போய்க் கதவைத் தட்டியபோது அந்த ஜோடி அதே இடத்தில்தான் கிடந்தது. மணியம் கதவைத் திறந்தார். அவருக்குப் பேச வாய்ப்பே கொடுக்கவில்லை.

“உங்கள் மகன் எங்கே? பக்கத்து வீட்டுக்காரன் வேண்டாம். உங்கள் மகன்.”

“அது வந்து… நேத்து வந்தது நம்ம கணேசன், நல்ல பையன்தான்…”

“கணேசன் காலை வைத்துக்கொண்டு மோகன் தாலி கட்டுவானா?” என்று கத்தினேன்.

சரசம்மா எழுந்தார். இந்த முறை மூட்டு வலி என்று சொல்லவில்லை. முழங்காலை உயர்த்தி உயர்த்தி, அச்சு அசலாக ராஜமாணிக்கத்தின் நடை. “நீங்க எங்க தம்பி அனுப்புன ஆளுதானே? கால் சரியில்லன்னு போயி சொல்லத்தானே வந்தீங்க?”

அவர் சந்தேகம் முழுக்கத் தவறும் இல்லை, அதுதான் என் எரிச்சலை இன்னும் கிளப்பியது. “உங்கள் தம்பிக்கே இருக்கிற காலை, உங்கள் தம்பியிடமிருந்தே மறைக்கிறீர்களா?” என்றேன்.

“அவன் ஆம்பள. அவனுக்கு வந்தா நோயி. எனக்கு வந்து, எம் மவனுக்கும் வந்துச்சுன்னா, என் வயித்தத்தானே சொல்வாங்க? கல்யாணமான கையோட கப்பல் ஏறுனவ நான். தம்பி மவள எடுக்கறது ஒண்ணுதான் எனக்கு அந்த ஊரோட மிஞ்சி இருக்கற ஒட்டு. அதையும் வெட்டிட்டுப் போவீங்களா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் பாதியில் நின்றுபோனது. தமிழரசிக்கும் இருக்கிறது, உங்கள் மகன் மட்டும் இல்லை என்று ஒரே வாக்கியத்தில் அந்த அம்மாளின் பயத்தை இறக்கி வைத்திருக்கலாம். சொல்லக் கூடாது. அது அந்தப் பெண்ணின் ரகசியம், என்னுடையது அல்ல.

“போதும்மா” என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. மோகன் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, அவனாகவே கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான். கொக்குக்கால். பாதம் வில்லாக வளைந்திருந்தது. குதிகாலில் தட்டினேன், எந்த அசைவும் இல்லை. ரத்தம் எடுத்தேன். கணேசன் குப்பியிலிருந்த பெயரை அடித்துவிட்டு, புதிய குப்பியில் மோகன் என்று இரண்டாவது தடவையாக எழுதினேன். ஆய்வுக்கூடம் உறுதி செய்யட்டும், எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

“எனக்குப் பிள்ளை பொறந்தா அதுக்கும் வருமா டாக்டர்?”

“பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

“கட்டிக்கிற பொண்ணுக்கும் இருந்தா?”

உப்புக் கணக்கையும், நாலில் ஒன்றையும் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “மாமாவுக்கு இருக்கு. அப்ப அதுக்கும் இருக்கலாம். இருக்கா?”

“அதை நீங்கள் அவளிடம்தான் கேட்க வேண்டும்” என்றேன்.

“நான் கேட்டா அது ஏன் எனக்கு உண்மையைச் சொல்லணும்? எங்க வீட்டுலேர்ந்து போனதெல்லாம் பொய்யிதான. போட்டோல கூட நான் உக்காந்துட்டுத்தான் இருக்கேன்.” பிறகு எழுந்து வாசலுக்குப் போய் அந்தச் செருப்பு ஜோடியை எடுத்து வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றினான். “இத அதுகிட்ட குடுத்துருங்க. மாமா செருப்ப தெனமும் பாக்குற பொண்ணு. பாத்தா தெரியும்லா.”

நான் மருத்துவர். படவில்லைகளோடு கடல் தாண்டி வந்தவள். ஒரு மாப்பிள்ளையின் தேய்ந்த செருப்பைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போக வேண்டுமாம்! வாயைத் திறப்பதற்குள் சரசம்மா முந்திக்கொண்டார். “ஐயோ, அதப் போயா குடுப்பாங்க? புதுசா ஒண்ணு வாங்கிக் குடுடா!”

“புதுசுல என்னம்மா தெரியும்?” என்றான் மோகன்.

சரசம்மா மகனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் தன் காலை நீட்டி, “எனக்கும் ரத்தம் எடுத்துக்குங்கம்மா” என்றார். கையில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி எடுத்தேன்.

விமான நிலையம் போகும் வழியில் குடுவைக்கு ஐஸ் வேண்டியிருந்தது. செண்டோல் என்ற ஐஸ் பாயசம் விற்கும் கடைக்காரரிடம் கேட்டேன். ஐஸை அள்ளிக்கொண்டே எதற்கு என்று கேட்டார். ரத்தத்துக்கு என்றேன். வரிசையில் நின்ற எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள். முதன்முறையாக இந்த ஊரில் எனக்கு உடனே வேலை நடந்தது.

மெட்ராஸ் சுங்கத்தில் என் பெட்டியைத்தான் திறந்தார்கள். அந்த அதிகாரி செய்தித்தாளைப் பிரித்து, செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “பினாங்குலேர்ந்து எல்லாரும் டேப் ரிக்கார்டர் கொண்டாருவாங்க. நீங்க என்னம்மா, கிழிஞ்ச செருப்பு?” அடிப்பாகத்தைத் திருகி உள்ளே தங்கம் இருக்கிறதா என்று பார்த்தார். அது மாப்பிள்ளை கொடுத்தது என்று சொன்னேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிவிட்டார்.

மதுரையில் இறங்கியதும் நேரே தமிழரசியின் பூத்துக்குப் போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவள் பிரித்தாள். கவிழ்த்தாள். கரைந்துபோன முன்நுனியில் விரலை ஓட்டினாள். பிறகு மேசைக்கடியில் கழற்றி விட்டிருந்த தன் செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அளவுதான் வேறு.

“ரெண்டு பேருக்கும் இருக்கு. அப்படித்தானே டாக்டர்?”

“அவன் சொல்லி அனுப்பியது அதுதான்.”

நாலில் ஒன்றை மறுபடி விளக்கத் தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினாள். “கணக்கு தெரியும் டாக்டர். கல்யாணம் வேணுமா, புள்ள வேணுமா, ரெண்டும் வேற வேற கேள்வி. அதை நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுறோம். பெரியவங்க யாரும் நடுவுல வர வேணாம், நீங்களுந்தான்.” எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்து முகம் சுளித்தாள். “இவ்ளோ மேல தைச்சிருக்காரு, குதிகால் உரசிப் புண்ணாயிருக்கும். சும்மா போட்டுட்டு நடந்திருக்காரு பாருங்க.” இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். “கீழ எறக்கித் தச்சுத் தர்றேன். அடுத்த வாட்டி போறப்ப குடுத்துருங்க.”

நான் என்ன செருப்புக் கடையா வைத்திருக்கிறேன் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. போன் பண்ண வந்து நின்றவரை, லைன் ரிப்பேர் என்று பச்சைப் பொய் சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடியே கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கண்ணாடிக் கதவு என்றைக்குத்தான் ஒழுங்காக மூடியிருக்கிறது! எல்லாம் வெளியே கேட்டது. பினாங்கு எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது. மோகன்தான் எடுத்திருக்க வேண்டும்.

“ஹலோ, நான் தமிழரசி பேசறேன். செருப்பு வந்துச்சு. எனக்கும் அதே எடத்துலதான் தேயுது.”